‘டிஸ்டிங்குவிஷ்’ என்ற வினையைத் தடுமாறாமல் பயன்படுத்த: முழுமையான வழிகாட்டி

‘டிஸ்டிங்குவிஷ்’ என்றால் என்ன பொருள் என்று கேட்டால் பத்தாம் வகுப்பு மாணவர்கூட ‘வேறுபடுத்து’ என்று சொல்லிவிடுவார். அதை ஒரு வாக்கியத்தில் வைக்கச் சொன்னால்தான் பேனா நின்றுவிடும். ‘பிட்வீன்’ போடுவதா ‘ஃப்ரம்’ போடுவதா என்பதுதான் சிக்கல் என்று பலரும் நினைக்கிறார்கள். திருத்திய நோட்டுகளைப் புரட்டினால் வேறு விஷயம் தெரியும். பிழை அதற்கு முன்பே, யார் யாரை வேறுபடுத்துகிறார்கள் என்ற இடத்திலேயே நடந்து முடிந்திருக்கும். அதனால் கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள். மூன்றாம் படியை முதலில் மனப்பாடம் செய்தவர்கள்தான் அதிகம் தடுமாறுகிறார்கள்.

தொடங்குமுன் வேண்டியவை

ஒரு நோட்டு. ஆங்கில வாக்கியங்களை இங்கே ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லி, நோட்டில் ஆங்கில எழுத்தில் எழுதுங்கள். பார்த்து நகலெடுத்தால் கை மட்டும்தான் வேலை செய்யும். கேட்டு எழுதினால் எழுத்துக்கூட்டலும் மனதில் நிற்கும்.

அடுத்து, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த நாலைந்து ஜோடிகள். சீரகமும் சோம்பும், நல்ல பாம்பும் சாரைப் பாம்பும், தமிழும் மலையாளமும் என்று எதுவானாலும் சரி. வித்தியாசமே தெரியாத இரண்டு பொருள்களை வைத்துப் பயிற்சி செய்தால் பாதி வாக்கியத்தில் சொல்ல ஒன்றுமிருக்காது. அப்போது இலக்கணம் தெரியவில்லையா, விஷயம் தெரியவில்லையா என்றே புரியாது.

1. வேறுபடுகிறதா, வேறுபடுத்துகிறோமா என்று முதலில் முடிவு செய்யுங்கள்

தமிழில் ‘வேறுபடு’ தன்வினை, ‘வேறுபடுத்து’ பிறவினை. நடுவில் ஒரு ‘த்து’தான் வித்தியாசம். ஆங்கிலத்தில் இவை இரண்டும் தனித்தனிச் சொற்கள். வேறுபடு என்பதற்கு ‘டிஃபர்’. வேறுபடுத்து என்பதற்கு ‘டிஸ்டிங்குவிஷ்’.

இதைக் கவனிக்காததால் வரும் பிழை இது: “மலையாளம் டிஸ்டிங்குவிஷஸ் ஃப்ரம் தமிழ்.” எழுதியவர் மனதில் இருந்தது ‘மலையாளம் தமிழிலிருந்து வேறுபடுகிறது’ என்பது. அங்கே யாரும் எதையும் வேறுபடுத்தவில்லை. “மலையாளம் டிஃபர்ஸ் ஃப்ரம் தமிழ்” என்பதே சரி.

சோதனை எளிது. உங்கள் தமிழ் வாக்கியத்தில் ‘எதை?’ என்று கேளுங்கள். விடை கிடைத்தால் டிஸ்டிங்குவிஷ். கிடைக்காவிட்டால் டிஃபர். இந்த ஒரு கேள்வியைக் கேட்கப் பழகினாலே பாதிப் பிழை போய்விடும்.

2. எழுவாய் யார் என்று பாருங்கள்

எழுவாய் இடத்தில் மூன்று வகையானவை உட்காரலாம்.

முதல் வகை, மனிதர். “மெனி சில்ட்ரன் கான்ட் டிஸ்டிங்குவிஷ் க்யூமின் ஃப்ரம் ஃபெனல்.” நிறையப் பிள்ளைகளுக்குச் சீரகம் எது சோம்பு எது என்று தெரியாது. தமிழில் ‘பிள்ளைகளுக்கு’ என்று நான்காம் வேற்றுமை வருகிறது. ஆங்கிலத்தில் அவர்களே எழுவாய். ‘எனக்கு வித்தியாசம் தெரியவில்லை’ என்பதை ‘ஃபார் மீ’ என்றோ ‘டு மீ’ என்றோ தொடங்குவது இதனால்தான். ‘எனக்கு’ வந்தாலும் ‘ஐ’ என்றே தொடங்குங்கள்.

இரண்டாம் வகை, வேறுபடுத்திக் காட்டும் அடையாளம். “தி ஹுட் டிஸ்டிங்குவிஷஸ் எ கோப்ரா ஃப்ரம் எ ராட் ஸ்நேக்.” சாரையிலிருந்து நல்ல பாம்பை வேறுபடுத்திக் காட்டுவது அதன் படம். தமிழர்கள் அதிகம் பயன்படுத்தாத அமைப்பு இது. ஆனால் அறிவியல், சட்டம், விளம்பரம் எல்லாவற்றிலும் இதுதான் ஓடுகிறது. ‘வாட் டிஸ்டிங்குவிஷஸ் ஏ ஃப்ரம் பி இஸ்…’ என்று தொடங்கும் வாக்கியத்தை ஒருமுறை கைவசப்படுத்தினால் கட்டுரையில் பத்து இடத்தில் உதவும். (நல்ல பாம்பு எந்நேரமும் படமெடுத்து நிற்காது. இந்த வாக்கியத்தை நம்பி அருகில் போய்ப் பார்க்க வேண்டாம்.)

மூன்றாம் வகை, வேறுபடுத்தப்படும் பொருளே எழுவாயாவது. “எ கோப்ரா கேன் பீ டிஸ்டிங்குவிஷ்ட் ஃப்ரம் எ ராட் ஸ்நேக் பை இட்ஸ் ஹுட்.” யார் வேறுபடுத்துகிறார் என்பது முக்கியமில்லாத இடத்தில் இதைப் போடுங்கள். ‘கேன் பீ’ விட்டுப்போனால் வாக்கியம் சரிந்துவிடும்.

3. இப்போதுதான் பிட்வீனும் ஃப்ரமும்

‘பிட்வீன்’ வந்தால் நடுவில் ‘அண்ட்’ வந்தே தீர வேண்டும். “டிஸ்டிங்குவிஷ் பிட்வீன் க்யூமின் அண்ட் ஃபெனல்.” தமிழில் ‘சீரகத்துக்கும் சோம்புக்கும்’ என்று இரண்டு ‘உம்’ போடுகிறோமே, அந்த உம்மைகளின் வேலையைத்தான் ‘அண்ட்’ பார்க்கிறது.

‘ஃப்ரம்’ வந்தால் ‘பிட்வீன்’ வேண்டாம். முதல் பொருள் வினைக்கு அடுத்து நேராக வரும். “டிஸ்டிங்குவிஷ் க்யூமின் ஃப்ரம் ஃபெனல்.”

நம்மவர்கள் எழுதும் தவறான கலவைகள் மூன்று: ‘பிட்வீன் ஏ ஃப்ரம் பி’, ‘பிட்வீன் ஏ டு பி’, ‘ஏ வித் பி’. முதலாவது, இரண்டு அமைப்பையும் பாதிப் பாதி ஒட்டியது. இரண்டாவது ‘பிட்வீன் பத்து டு பன்னிரண்டு’ என்று நேரம் சொல்லிப் பழகியதால் வருவது. நேரத்துக்கும் அது தவறுதான், அங்கேயும் ‘அண்ட்’ வேண்டும். மூன்றாவது ‘கம்பேர் வித்’ என்பதிலிருந்து தொற்றிக்கொண்டது.

இரண்டு அமைப்பும் ஒரே பொருள் தருமா என்றால், ஏறக்குறைய தரும். சின்ன வேறுபாடு உண்டு. ‘பிட்வீன்’ இரண்டையும் சமமாக வைக்கிறது. ‘ஃப்ரம்’ முதலில் வருவதை முன்னே நிறுத்துகிறது, பின்னால் வருவது பின்னணியாகிவிடும். கள்ள நோட்டைக் கண்டுபிடிப்பது பற்றி எழுதும்போது, “டிஸ்டிங்குவிஷ் ஃபேக் நோட்ஸ் ஃப்ரம் ரியல் ஒன்ஸ்” என்றால் தேடுவது கள்ள நோட்டை என்று வாசகருக்குப் புரியும். எதைத் தேடுகிறீர்களோ அதை முதலில் வையுங்கள். ‘ரைட் ஃப்ரம் ராங்’ போன்ற சில ஜோடிகள் மட்டும் வழக்கத்தில் உறைந்துபோனவை. அவற்றைத் திருப்பிப் போட வேண்டாம்.

மூன்று பொருள்கள் வந்தால் ‘அமங்’தான் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். அப்படிக் கட்டாயம் இல்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பெயர் சொல்லி வேறுபடுத்தும்போது மூன்றுக்கும் ‘பிட்வீன்’ வரலாம். ‘அமங்’கும் வழக்கில் உள்ளதுதான்.

4. இரு பக்கமும் ஒரே தட்டில் இருக்கிறதா என்று சரிபாருங்கள்

“ஐ கான்ட் டிஸ்டிங்குவிஷ் மை சிஸ்டர்ஸ் வாய்ஸ் ஃப்ரம் மை மதர்.” இலக்கணம் சரிபோலத் தெரியும். ஆனால் ஒரு பக்கம் குரல், மறுபக்கம் அம்மா. குரலைக் குரலோடுதான் வைக்க வேண்டும். ‘ஃப்ரம் மை மதர்ஸ்’ என்று முடியுங்கள். கடைசி ‘ஸ்’ சின்னதுதான், விட்டால் பொருள் சிரிப்புக்கிடமாகும்.

பெயர்ச்சொல்லோடு பெயர்ச்சொல், பன்மையோடு பன்மை. எழுதி முடித்ததும் இரு பக்கத்தையும் விரலால் மறைத்து மறைத்துப் பாருங்கள்.

5. எதை வைத்து என்று சொல்ல ‘பை’

‘படத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம்’ என்ற தமிழ் வாக்கியம் ஆங்கிலத்தில் ‘பை கீப்பிங் தி ஹுட்’ ஆகி வந்திருப்பதை நோட்டுகளில் பார்க்கலாம். ‘வைத்து’ என்றதும் கை ‘கீப்’ எழுதிவிடுகிறது. ‘பை இட்ஸ் ஹுட்’ போதும். அடையாளம் ஒரு பொருளானால் ‘பை’ மட்டும். ஒரு செயலானால் ‘பை’க்குப் பின் ‘இங்’: ‘பை ஸ்மெல்லிங் இட்’, முகர்ந்து பார்த்து.

இந்தப் பகுதி இல்லாமலும் வாக்கியம் முழுமையானதே. இருந்தும் சேர்க்கச் சொல்கிறேன். எதை வைத்து என்று எழுத முயலும்போதுதான் உங்களுக்கே வித்தியாசம் தெளிவாகும்.

6. ‘கேன்’ சேர்க்க மறக்காதீர்கள்

வேறுபாடு காணும் திறனைப் பற்றித்தான் பெரும்பாலும் பேசுகிறோம். அதனால் இந்த வினை ‘கேன்’, ‘கான்ட்’, ‘குட்’ ஆகியவற்றோடு சேர்ந்தே திரியும். சிவப்பு–பச்சை நிறக்குருடு உள்ளவர்களைப் பற்றி, “தே கான்ட் ஈஸிலி டிஸ்டிங்குவிஷ் ரெட் ஃப்ரம் கிரீன்” என்று எழுதுகிறோம்.

“ஐ ஆம் நாட் டிஸ்டிங்குவிஷிங்” என்று தொடர்நிகழ்காலத்தில் தொடங்காதீர்கள். வேண்டுமென்றே வேறுபடுத்தாமல் விடுகிறேன் என்ற தொனி வந்துவிடும். “ஐ ஆம் நாட் ஏபிள் டு டிஸ்டிங்குவிஷ்” தவறில்லை, நம்மூரில் எல்லோரும் சொல்வதும் அதுதான். ‘ஐ கான்ட்’ அதைவிட இலகு.

7. இடத்துக்கேற்ற எடை

டிஸ்டிங்குவிஷ் கொஞ்சம் சட்டை மடிப்புக் கலையாத சொல். தேர்வு, கட்டுரை, அலுவலகக் கடிதம் எல்லாவற்றுக்கும் பொருந்தும். மளிகைக் கடையிலோ வீட்டிலோ பேசும்போது ‘டெல்’ போதும்.

“ஐ கான்ட் டெல் க்யூமின் ஃப்ரம் ஃபெனல்.” இங்கே ‘டெல்’ என்பதற்குச் சொல்வது என்று பொருள் இல்லை, கண்டறிவது. ‘கேன்’ அல்லது ‘ஹவ் டு’ இல்லாவிட்டால் அது பழைய ‘சொல்’ ஆகவே காதில் விழும்.

‘அபார்ட்’ சேர்த்தால் ஜோடியை நடுவில் வையுங்கள்: “டெல் தெம் அபார்ட்”, “டெல் தி ட்வின்ஸ் அபார்ட்”. ‘டெல் அபார்ட் தெம்’ என்பது தவறு. ‘அபார்ட்’ வந்த பிறகு ‘ஃப்ரம்’ வேண்டியதில்லை.

“ஐ கான்ட் டெல் விச் இஸ் விச்.” எது எதுன்னு தெரியல. தமிழும் ஆங்கிலமும் ஒரே மாதிரி இரட்டித்துச் சொல்லும் அபூர்வமான இடம். பேச்சில் தாராளமாக விடுங்கள்.

‘நல்லதா கெட்டதா என்று’ என்பதுபோல் ‘ஆ…ஆ என்று’ வரும் தமிழ் வாக்கியத்துக்கு ‘டெல் வெதர்’ என்று போகவும். “ஐ கான்ட் டெல் வெதர் திஸ் மில்க் இஸ் ஃப்ரெஷ்.” ‘டிஸ்டிங்குவிஷ்’ பக்கத்தில் ‘வெதர்’ அரிதாகவே பொருந்தும். அதற்கு வேண்டியது இரண்டு பெயர்ச்சொற்கள்.

‘டெல் தி டிஃபரன்ஸ் பிட்வீன்’ சரி. ‘டிஸ்டிங்குவிஷ் தி டிஃபரன்ஸ் பிட்வீன்’ என்று எழுதாதீர்கள். வேறுபாடு காண்பது வினையிலேயே இருக்கிறது, ‘வேறுபாட்டை வேறுபடுத்து’ என்று இரட்டிப்பாகிவிடும்.

8. பக்கத்துவீட்டுச் சொற்கள்

‘செப்பரேட்’. முறத்தில் சோம்பும் சீரகமும் கலந்து கிடக்க, பொறுக்கி இரண்டு கிண்ணத்தில் போட்டால் அது செப்பரேட். பார்த்ததும் இது பச்சை சாயலுள்ள பெரிய விதை, சோம்பு என்று தெரிந்தால் அது டிஸ்டிங்குவிஷ். ஒன்று கையால், மற்றது அறிவால். தமிழ் ‘பிரித்து’ இரண்டுக்கும் வருவதால் குழப்பம்.

‘டிஃபரன்ஷியேட்’. டிஸ்டிங்குவிஷ் எடுக்கும் அதே பிட்வீன், ஃப்ரம்மை இதுவும் எடுக்கும். பெரும்பாலான இடங்களில் மாற்றிப் போடலாம். கணக்கு வகுப்பில் மட்டும் இது ‘வகையிடு’. அங்கே டிஸ்டிங்குவிஷ் நுழையாது.

‘டிஸ்கிரிமினேட்’. அகராதி இதற்கும் ‘வேறுபடுத்து’ என்று தரும். நம்பி எழுதி நேர்முகத்தேர்வில் மாட்டிக்கொள்ளாதீர்கள். ‘டிஸ்கிரிமினேட் பிட்வீன்’ என்றால் வேறுபாடு காண்பது என்ற பொருள் உண்டுதான். ஆனால் ‘டிஸ்கிரிமினேட் அகெய்ன்ஸ்ட்’ என்றால் பாகுபாடு காட்டுவது. மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் ஆகிய அடிப்படைகளில் இந்திய அரசியலமைப்பின் 15-ஆவது பிரிவு அரசுக்குத் தடை செய்வது இதைத்தான். “ஐ டிஸ்கிரிமினேட் கஸ்டமர்ஸ்” என்று வேலைக்கான விண்ணப்பத்தில் எழுதினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. முழுக்க ஒதுக்கிவிடுங்கள், இழப்பு ஒன்றுமில்லை.

‘எக்ஸ்டிங்குவிஷ்’ என்றால் தீயை அணைப்பது. சுவரில் மாட்டியிருக்கும் சிவப்பு சிலிண்டர் நினைவிருந்தால் போதும்.

9. கிளைச்சொற்கள்

இந்தக் குடும்பத்தில் ஆள் மாறாட்டம் அதிகம்.

‘டிஸ்டிங்குவிஷ்ட்’ என்ற பெயரடை மனிதர்களுக்கும் அவர்களது பணிக்கும் வருவது, சிறப்புமிக்க என்ற பொருளில். மேடையில் ‘டிஸ்டிங்குவிஷ்ட் கெஸ்ட்’ என்பது இதுதான். ‘டிஸ்டிங்குவிஷிங்’ என்பது வேறுபடுத்திக் காட்டுகிற. படிவத்தில் அங்க அடையாளம் கேட்கும் இடத்தில் ‘டிஸ்டிங்குவிஷிங் மார்க்’ என்றிருந்தால், கையில் உள்ள மச்சத்தை எழுதுங்கள், வாங்கிய விருதை அல்ல.

‘டிஸ்டிங்க்ட்’ என்றால் தனியான: “மலையாளம் இஸ் டிஸ்டிங்க்ட் ஃப்ரம் தமிழ்.” ‘டிஸ்டிங்க்டிவ்’ என்றால் அதற்கே உரிய, சட்டென்று அடையாளம் தெரிகிற. பெருங்காயத்தின் மணம் டிஸ்டிங்க்டிவ்.

இரண்டுக்கும் வித்தியாசமே காணமுடியாவிட்டால் ‘இன்டிஸ்டிங்குவிஷபிள் ஃப்ரம்’. பெயர்ச்சொல்லான ‘டிஸ்டிங்க்ஷன்’ வந்தால் ‘மேக்’ அல்லது ‘ட்ரா’ சேரும்: “வீ மஸ்ட் மேக் எ டிஸ்டிங்க்ஷன் பிட்வீன் நீட் அண்ட் கிரீட்.” மதிப்பெண் பட்டியலில் வரும் டிஸ்டிங்க்ஷனும் இதே சொல்தான், மற்றவர்களிலிருந்து தனித்துத் தெரிந்தவர் என்ற கருத்தில்.

10. ஜோடி இல்லாமலும் வரும்

பழகியதும் இவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம், அவசரமில்லை. பனியில் ஒரு படகின் உருவம் மட்டும் தெரிந்தால், “ஐ குட் டிஸ்டிங்குவிஷ் எ போட் இன் தி மிஸ்ட்.” ஒருவர் தன் துறையில் பெயரெடுத்தால், “ஷீ டிஸ்டிங்குவிஷ்ட் ஹெர்செல்ஃப் ஆஸ் எ சர்ஜன்.” நீதிமன்றத் தீர்ப்புகளில், “தி கோர்ட் டிஸ்டிங்குவிஷ்ட் தி எர்லியர் கேஸ்” என்று வரும். முந்தைய வழக்கின் சூழல் வேறு, அந்தத் தீர்ப்பு இங்கே பொருந்தாது என்று நீதிபதி சொல்லிவிட்டார் என்பது அதன் பொருள். பாராட்டினார் என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள்.

11. ஒலியும் எழுத்தும்

அழுத்தம் நடுவில்: டிஸ்-டிங்-க்விஷ். ஜீ, யூ, ஐ என்று மூன்றும் சேர்ந்து வருவதைப் பார்த்து ‘டிஸ்டிங்கிஷ்’ என்று சிலர் படிக்கிறார்கள். ‘கைடு’, ‘கிட்டார்’ ஆகியவற்றில் அந்த யூ ஊமை. ‘ங்’ ஒலிக்குப் பின்னால் வந்தால் அது பெரும்பாலும் பேசும்: பெங்குவின், லாங்குவேஜ், டிஸ்டிங்குவிஷ்.

நிகழ்காலப் படர்க்கை ஒருமைக்கு எஸ் மட்டும் அல்ல, ஈ-எஸ் சேர்க்க வேண்டும். ‘விஷஸ்’ என்று ஓர் அசை கூடும். இறந்தகாலத்தில் அசை கூடாது. ஈ-டி என்று எழுதினாலும் ‘விஷ்ட்’ என்றே முடியும், ‘விஷெட்’ அல்ல.

12. தேர்வுத்தாளில்

‘டிஸ்டிங்குவிஷ் பிட்வீன்’ என்று கேள்வி வந்தால் அது கட்டளை. தமிழ்வழித் தாளில் ‘வேறுபடுத்துக’. விடையில் அந்த வினையைத் திரும்பத் திரும்ப எழுத வேண்டியதில்லை. ‘வேர்ஆஸ்’ என்ற இணைப்புச்சொல்தான் அங்கே உழைக்க வேண்டும்.

முதலில் ஒப்பிடும் அடிப்படையை விளிம்பில் பென்சிலால் குறியுங்கள்: நீர்வரத்து, பிறப்பிடம், நீளம். பிறகு ஒவ்வொரு வரியிலும் அதே அடிப்படையில் இரண்டையும் சொல்லுங்கள். “ஹிமாலயன் ரிவர்ஸ் ஆர் பெரென்னியல், வேர்ஆஸ் மோஸ்ட் பெனின்சுலர் ரிவர்ஸ் ஆர் சீசனல்.” இமயமலை ஆறுகளுக்கு மழையோடு பனி உருகிய நீரும் வருவதால் ஆண்டு முழுதும் ஓடும். தீபகற்ப ஆறுகள் பெரும்பாலும் மழையை நம்பியவை.

இடப்பக்கம் பிறப்பிடத்தையும் வலப்பக்கம் நீர்வரத்தையும் எழுதினால் இரண்டும் உண்மையாக இருந்தாலும் வேறுபாடு சொன்னதாகாது. நன்றாகப் படித்த பிள்ளைகளும் மதிப்பெண் இழக்கும் இடம் இது.

13. செய்து பாருங்கள்

தமிழ் வாக்கியத்தைப் படித்ததும் ஆங்கிலத்துக்குத் தாவாமல் 1-ஆம் படியிலிருந்து வாருங்கள்.

‘கலப்பட மிளகாய்த்தூளை எப்படிக் கண்டுபிடிப்பது?’ எதை என்ற கேள்விக்கு விடை உண்டு. தேடுவது கலப்படத்தை, அதனால் அது முன்னே: “ஹவ் கேன் வீ டெல் அடல்டரேட்டட் சில்லி பவுடர் ஃப்ரம் ப்யூர் சில்லி பவுடர்?” தமிழ் வாக்கியத்தில் நல்ல தூள் சொல்லப்படவே இல்லை. ஆங்கிலத்தில் ஃப்ரம்முக்குப் பின் அதை நாமே நிரப்ப வேண்டும்.

‘எழுத்து வடிவில் தமிழும் மலையாளமும் வேறுபடுகின்றன.’ எதை என்றால் விடை இல்லை. “தமிழ் அண்ட் மலையாளம் டிஃபர் இன் தேர் ஸ்கிரிப்ட்ஸ்.”

‘சோம்பைச் சுவைத்தால் இனிப்பாக இருக்கும், அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.’ சுவையை எழுவாயாக்கிப் பாருங்கள்: “இட்ஸ் ஸ்வீட் டேஸ்ட் டிஸ்டிங்குவிஷஸ் ஃபெனல் ஃப்ரம் க்யூமின்.” இரண்டு தமிழ் வாக்கியங்கள் ஒன்றாகிவிட்டன.

‘முகக்கவசம் போட்டிருந்ததால் அவர் யாரென்றே தெரியவில்லை.’ இங்கேதான் பலர் டிஸ்டிங்குவிஷ் போடுகிறார்கள். ஒரே ஒருவர்தான் இருக்கிறார், அவரைப் பிரித்தறிய இன்னொருவர் இல்லை. இது ஆளை அடையாளம் காண்பது: “ஐ குட்ன்ட் ரெக்கக்னைஸ் ஹிம் பிகாஸ் ஆஃப் தி மாஸ்க்.” அதே கவசத்தோடு அண்ணனும் தம்பியும் வந்து நின்றால் அப்போது எழுதலாம்: “ஐ குட்ன்ட் டெல் தெம் அபார்ட்.”